12-ஆவது எபிசோடோடு நின்றுபோன பாட்டு

2021 செப்டம்பரில் பள்ளி மறுபடி திறந்தபோது என் பன்னிரண்டாம் வகுப்பில் ஒரு பையன் மட்டும் வரவே இல்லை. வீட்டில் யாருக்கும் உடம்பு சரியில்லாமல் இல்லை, பணக் கஷ்டமும் இல்லை. போன் செய்தால் அவன் அம்மா எடுத்து, "நாளைக்கு வந்திருவான் மிஸ்" என்பார். மூன்றாவது வாரம் அவனோடு ஒரே பெஞ்சில் உட்காரும் பையனைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தேன். "அவன் ஹிக்கிகோமோரி ஆயிட்டான் மிஸ்" என்றான். அப்படியென்றால் என்ன என்று கேட்டேன். "வெல்கம் டு தி என்.எச்.கே.ன்னு ஒரு அனிமே இருக்கு மிஸ். பாத்தீங்கன்னா புரியும்."

அன்று இரவே மதுரையில் என் வாடகை வீட்டில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு முதல் எபிசோடைப் பார்த்தேன். அனிமே என்ற ஜப்பானிய அனிமேஷன் தொடர்கள் எனக்குப் பழக்கமில்லாத உலகம். அந்தப் பையனுக்காகத்தான் பார்க்க உட்கார்ந்தேன்.

கதாநாயகன் சாதோவுக்கு 22 வயது. கல்லூரியைப் பாதியில் விட்டுவிட்டு, தோக்கியோவை ஒட்டிய ஒரு பழைய குடியிருப்பின் ஒற்றை அறையில் நாலாவது வருடமாக அடைந்து கிடக்கிறான். திரைச்சீலை மூடியே இருக்கிறது. தரை தெரியாத அளவுக்குக் குப்பை. பக்கத்து அறையிலிருந்து குழந்தைகளுக்கான கார்ட்டூன் பாட்டு ஒன்று சுவரைத் துளைத்துக்கொண்டு ஓயாமல் வருகிறது. எழுந்து போய்ச் சத்தத்தைக் குறைக்கச் சொல்ல அவனால் முடியவில்லை. வீட்டுச் சாமான்களெல்லாம் அவனோடு பேசத் தொடங்குகின்றன. தன்னை இந்த நிலைக்கு ஆளாக்கியது ஒரு ரகசிய அமைப்பின் சதி என்று அவனுக்கு விளங்கிவிடுகிறது. என்.எச்.கே. என்றால் நம் தூர்தர்ஷன் மாதிரி அவர்களுடைய பொது ஒளிபரப்பு நிறுவனம். சாதோவுக்கு அந்த எழுத்துகளின் விரிவு வேறு: நிஹோன் ஹிக்கிகோமோரி கியோகாய். ஜப்பானிய ஹிக்கிகோமோரிச் சங்கம். அறைக்குள் ஆட்களை அடைத்துவைப்பதற்கென்றே நடக்கும் சங்கம்.

எபிசோட் முடிந்து எழுத்துகள் ஓடத் தொடங்கின. ஒரு பாட்டு வெடித்துக்கொண்டு வந்தது. கிடாரும் கத்தலுமாக ஒரு ராக் பாட்டு. எனக்கு உடம்பு சில்லிட்டது. அந்தப் பாட்டு எனக்குத் தெரியும். ஒரு வார்த்தை புரியாது, ஆனால் எங்கே மூச்சு வாங்குவார்கள், எங்கே திரும்ப ஆரம்பிப்பார்கள் என்பது வரை தெரியும். பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மாடிப்படியில் நின்றுகொண்டு, மூடிய கதவுக்கு வெளியே, கையில் சாப்பாட்டுத் தட்டோடு நான் கேட்ட பாட்டு அது.

அண்ணன் 2012-இல் இன்ஜினியரிங் முடித்தான். கடைசி வருடமே கேம்பஸில் வேலை கிடைத்துவிட்டது. அப்பா தெரு முழுக்க அல்வா கொடுத்தார். வந்த கடிதத்தில் சேரும் தேதி பின்னர் அறிவிக்கப்படும் என்று இருந்தது. அந்த அறிவிப்பு வரவே இல்லை. முதலில் மூன்று மாதம் என்றார்கள், பிறகு ஆறு மாதம், அப்புறம் மெயிலுக்குப் பதில் வருவதும் நின்றுபோனது. சென்னையில் போய் ஒரு அறையில் எட்டு மாதம் தங்கி நேர்காணல்களுக்கு அலைந்தான். 2013 தீபாவளிக்கு வந்தவன் திரும்பிப் போகவில்லை. "வேலையில சேந்தாச்சா?" என்று கேட்காத சொந்தம் இல்லை. அவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை, சும்மா பேச்சுக்குக் கேட்டவர்கள்தான். தீபாவளிக்கு மூன்றாம் நாள் மாடி அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினான். 2015 ஜூன் வரை அந்த அறைதான்.

அம்மா சோறு போட்டுத் தட்டை மூடி என் கையில் கொடுப்பாள். "ஏட்டி, அண்ணனுக்குக் கொண்டு போ. ஒண்ணும் கேக்காத, வச்சிட்டு வந்திரு." மேல் படியில் ஒரு பழைய முக்காலி. அதில் தட்டை வைத்து, கதவை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு இறங்க வேண்டும். நான் கீழே வந்த பிறகுதான் தாழ்ப்பாள் திறக்கும். காலையில் பார்த்தால் தட்டு கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கும். மேலே குளியலறைக் குழாயில் கழுவியிருப்பான். ஒரு பருக்கை ஒட்டியிருக்காது. சோம்பேறி என்று அவனைச் சொன்னவர்கள் யாரும் அந்தத் தட்டைப் பார்க்கவில்லை. ராத்திரி நான் தட்டு கொண்டுபோகும் நேரத்தில்தான் உள்ளே அந்தப் பாட்டு ஓடும். கொஞ்ச நாள் தினமும் ஓடியது. பிறகு ஒரு நாள் நின்றுவிட்டது. அம்மா, "அந்தக் கூப்பாடு நின்னுட்டே, புள்ள நல்லாதான இருக்கான்?" என்று என்னைத் திரும்ப மேலே அனுப்பினாள்.

அந்த இருபது மாதமும் அவனுக்கு வந்தது என்ன என்று சொல்ல எங்களிடம் ஒரு சொல் இல்லை. ஜப்பானில் இருந்தது. ஹிக்கிகோமோரி என்றால் உள்ளிழுத்துக்கொண்டு அடைந்திருப்பது. அந்த நிலைக்கும் அந்த ஆளுக்கும் அதே பெயர்தான். மனநல மருத்துவர் தமாகி சைதோ 1998-இல் எழுதிய புத்தகம்தான் அதை நாடு முழுவதும் பேச வைத்தது. ஆறு மாதத்துக்கு மேல் வேலை, படிப்பு, பழக்கவழக்கம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வீட்டோடு அடைந்திருந்தால் இந்தப் பெயர். நாலு வருடம் கழித்து, 2002-இல், தாத்ஸுஹிக்கோ தாகிமோதோ என்ற இளைஞர் இந்தக் கதையை நாவலாக எழுதினார். அவரே அப்படி அடைந்து கிடந்தவர். அதுதான் 2006 ஜூலையிலிருந்து டிசம்பர் வரை 24 எபிசோடுகளாகத் தொலைக்காட்சியில் வந்தது. கோன்ஸோ நிறுவனம் தயாரித்தது, இயக்கியவர் யூசுகே யமாமோதோ.

வெளியிலிருந்து பார்த்து எழுதியது இல்லை என்பது முதல் எபிசோடிலேயே தெரிந்துவிடுகிறது. மதப் பிரசாரம் செய்யும் ஒரு பெண்மணி வந்து கதவைத் தட்டுகிறார். அவர் நீட்டும் இதழில் ஹிக்கிகோமோரி பற்றிய கட்டுரை. சாதோவுக்கு வியர்த்துக் கொட்டுகிறது. இவருக்கு எப்படித் தெரியும், எல்லோருக்கும் தெரிந்துவிட்டதா என்று பதறுகிறான். இதைப் பார்த்தபோதுதான் அண்ணன் ஏன் கேஸ் சிலிண்டர் போடுகிறவர் குரல் கேட்டாலே மின்விசிறியை நிறுத்துவான் என்று எனக்குப் புரிந்தது. மேலே ஆள் இருப்பது தெரியக் கூடாது. மே மாத வெயிலில், பாளையங்கோட்டையில், மின்விசிறி இல்லாமல் உட்கார்ந்திருப்பான். அவர் போய்த் தெருமுனை திரும்பிய பிறகுதான் அது மறுபடி சுற்றும் சத்தம் கேட்கும். அறைக்குள் இருக்கிறவன் சும்மா இருப்பதாக நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். அவன் முழுநேரமும் ஒளிந்துகொண்டிருந்தான். அதைவிட அலுப்பான வேலை உலகத்தில் உண்டா என்று தெரியவில்லை.

பக்கத்து அறையில் பாட்டு போடுகிறவன் யமாசாகி, சாதோவுடைய பள்ளிக்கூட ஜூனியர். இரண்டு பேரும் சேர்ந்து கணினி விளையாட்டு ஒன்று தயாரிக்கப் போவதாகப் பல எபிசோடுகள் ஓடுகின்றன. அதில் சில இடங்கள், முக்கியமாக சாதோ பள்ளிக்கூடப் பெண்களைக் கேமராவில் எடுக்கிற இடம், ஒரு ஆசிரியையாக எனக்குப் பார்க்கவே பிடிக்கவில்லை. ஆனால் தொடர் அவனுக்குச் சப்பைக்கட்டு கட்டவில்லை. தனிமை ஒரு ஆளை எவ்வளவு கீழே கொண்டுபோகும் என்பதை அப்படியே காட்டிவிட்டு, அந்த அசிங்கத்தோடேயே அவனை மனிதனாக வைத்திருக்கிறது.

கதையின் உயிர் மிசாகிதான். அந்தப் பிரசாரப் பெண்மணியோடு குடை பிடித்துக்கொண்டு நிற்கும் பெண். சாதோவை ராத்திரியில் பூங்காவுக்கு வரச் சொல்கிறாள். ஒப்பந்தம் ஒன்றை நீட்டுகிறாள்: தினமும் வந்து அவள் நடத்தும் பாடத்தைக் கேட்க வேண்டும், அவனை அறையிலிருந்து வெளியே கொண்டுவருவது அவள் பொறுப்பு, மீறினால் 10 லட்சம் யென் அபராதம். பெஞ்சில் உட்கார்ந்து நோட்டைப் பார்த்துப் படிக்கிறாள். பாதி அவளுக்கே புரியாத மனோதத்துவம். ஆரம்பத்தில் நான் இவளைக் காப்பாற்ற வந்த தேவதை என்றே நினைத்தேன். எபிசோடுகள் போகப் போகத்தான் இவள் ஏன் இவனைத் தேர்ந்தெடுத்தாள் என்பது கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிகிறது. ஒரு தடவை சாதோ எதற்கோ கையைத் தூக்குகிறான். அவள் சட்டென்று முகத்தை மறைத்துக்கொண்டு சுருங்கிப் போகிறாள். அடி வாங்கி வளர்ந்த பிள்ளைகள் என் வகுப்பிலும் உண்டு. அந்த அசைவை நான் பார்த்திருக்கிறேன். அம்மா இறந்துபோய், மாற்றாந்தகப்பனிடம் சிக்கி, இப்போது சொந்தக்காரர் வீட்டில் ஒண்டியிருக்கும் பெண் அவள். தன்னைவிடவும் கீழே கிடக்கும் ஒருவனைத் தேடிப் பிடித்திருக்கிறாள். அவனுக்காவது தான் தேவைப்பட மாட்டோமா என்ற ஏக்கம் அவளுக்கு.

இந்தத் தொடரைப் பற்றிப் பேசுகிறவர்கள் பலர் வேறொரு இடத்தைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். சாதோ கடைசியில் எப்படி வேலைக்குப் போகிறான்? பசி. வீட்டிலிருந்து வரும் பணம் நின்றுவிடுகிறது, யமாசாகி அப்பாவுக்கு உடம்பு முடியாமல் ஹொக்கைதோவுக்கே திரும்பிவிடுகிறான், மிசாகியும் கூட இல்லை. சாப்பிட ஒன்றுமில்லை. வெளியே போய், சாலை வேலை நடக்கும் இடத்தில் வண்டிகளுக்கு வழிகாட்டும் வேலையில் சேர்கிறான். நடுவில் வரும் இன்னொரு ஹிக்கிகோமோரியும் அதே மாதிரி பசியில்தான் வெளியே வருகிறான். ஆக, சோறு போடுவதை நிறுத்து, தானாக வருவான். இதுதான் தொடர் சொல்லும் மருந்து என்று சிலர் எழுதியதைப் படித்தபோது எனக்கு வயிறு எரிந்தது.

ஏனென்றால் எங்கள் வீட்டில் அதைச் செய்து பார்த்தோம். 2014 ஆடி மாதம் மாமா வந்திருந்தார். அம்மாவிடம், "நீ தட்டுல வச்சுக் குடுக்க வரைக்கும் அவன் எதுக்குக்கா எறங்கணும்? மூணு நாளு போடாத. நாலாம் நாளு அடுப்பங்கரையில நிப்பான்" என்றார். அம்மாவும் சரி என்றாள். முதல் நாள் முக்காலி காலியாக இருந்தது. மேலே சத்தமே இல்லை. இரண்டாம் நாள் ராத்திரி குழாய் திறக்கும் சத்தம் மட்டும் கேட்டது, திரும்பத் திரும்ப. தண்ணீரைக் குடித்தே சமாளித்துக்கொண்டிருக்கிறான் என்று அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. யாரிடமும் சொல்லாமல் எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்து நாலு தோசை வார்த்தாள். அன்றைக்கு அவளே மேலே கொண்டுபோனாள். கதவு திறக்கும் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள். விடிகாலையில்தான் இறங்கி வந்தாள். அதற்குப் பிறகு அவன் இரண்டு மாதம் என் தட்டல் சத்தத்துக்குக்கூடப் பதில் தட்டவில்லை.

தொடரைக் கவனமாகப் பார்த்தால் தெரியும். பசி வருவதற்கு முன்னால் சாதோவுக்கு எத்தனை ராத்திரி அந்தப் பூங்கா இருந்தது, சுவரைத் தட்டினால் யமாசாகி இருந்தான். இருபது எபிசோடுக்கு மேல் யாராவது ஒருவர் அவனைத் தேடி வந்துகொண்டே இருக்கிறார்கள். அதற்குப் பிறகு வரும் பசி வேறு. யாருமே வராதவனுக்கு வரும் பசி வேறு. ஜப்பான் அரசு 2023-இல் வெளியிட்ட கணக்கில் 15 வயதிலிருந்து 64 வயது வரை ஏறத்தாழ 14.6 லட்சம் பேர் இப்படி இருக்கிறார்கள். 80 வயதுப் பெற்றோர், 50 வயதுப் பிள்ளை என்ற அர்த்தத்தில் 8050 பிரச்சினை என்றே அங்கே ஒரு பெயர் இருக்கிறது. "நான் போன பொறவு இவனுக்கு யாரு தட்டு வைப்பா?" என்று அம்மா கேட்டதும் அதே கேள்விதான். அவளுக்கு எந்தக் கணக்கும் தெரியாது.

அண்ணன் இறங்கி வந்தது ஆச்சியின் கண்ணுக்காக.

2015 ஜூனில் ஆச்சிக்குக் கண்புரை ஆபரேஷன் ஆனது. சொட்டு மருந்து ஒரு நாளைக்கு ஆறு வேளை. அம்மாவுக்குக் கை நடுங்கும், மருந்து கன்னத்தில் விழும். அப்பா கடைக்குப் போய்விடுவார். நான்தான் விட்டுக்கொண்டிருந்தேன். எனக்குப் பி.எட். வகுப்பு தொடங்கிய அன்று, பதினொரு மணி மருந்துக்கு ஆளில்லை. ஆச்சி கீழே கட்டிலில் படுத்தபடியே சத்தமாகக் கூப்பிட்டிருக்கிறாள். "ஐயா, மேல இருக்கியா? ஆச்சிக்குக் கண்ணுல மருந்து விடணும்யா. நேரமாவுது." கீழே வா என்று கூப்பிடவில்லை, வேலையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. மருந்து விடணும், அவ்வளவுதான்.

நான் சாயங்காலம் வந்தபோது அடுத்த வேளைக்கான நேரம். அண்ணன் ஆச்சி தலைமாட்டில் குனிந்து நிற்கிறான். தாடி நெஞ்சு வரை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவியிருந்தான், முழங்கையில் ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. இடது கை ஆட்காட்டி விரலால் கீழ் இமையை மெல்ல இழுத்துப் பிடித்து, குப்பியை இமையில் படாமல் நிறுத்தி, ஒரே ஒரு சொட்டு. பிறகு ஆச்சியின் கண்ணை மூடச் சொல்லி, வழிந்ததைச் சுத்தமான துணியால் ஒற்றினான். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். நானும் ஒன்றும் பேசாமல் அடுக்களைக்குப் போய்விட்டேன். அம்மா அங்கே அடுப்புத் திண்டைப் பிடித்துக்கொண்டு சத்தம் வராமல் அழுதுகொண்டிருந்தாள். ஆறு வாரம் அந்த மருந்து. வேளைக்கு வேளை இறங்கி வருவான், விடுவான், ஏறிப்போவான். மூன்றாவது வாரம் ஆச்சியோடு ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனான். இருபது மாதத்துக்குப் பிறகு அன்றுதான் தெருவைப் பார்த்தான்.

அதனால்தான் இந்தத் தொடரின் கடைசி ஒப்பந்தம் எனக்கு அவ்வளவு முக்கியமாகப் படுகிறது. (பார்க்காதவர்கள் இந்தப் பத்தியை விட்டுவிடுங்கள்.) பனி பெய்யும் மலைமுனையில் மிசாகி சாகத் துணிந்து நிற்கிறாள். காப்பாற்ற வந்தவளைக் காப்பாற்ற இவன் ஓட வேண்டியதாகிறது. அதெல்லாம் முடிந்து வசந்தம் வந்த பிறகு அவள் இன்னொரு காகிதத்தை நீட்டுகிறாள். இப்போது என்.எச்.கே.வுக்கு வேறு விரிவு: நிஹோன் ஹிதோஜிச்சி கோகான்காய். ஜப்பானியப் பிணைக்கைதிப் பரிமாற்றச் சங்கம். என் உயிர் உன்னிடம் பிணை, உன் உயிர் என்னிடம் பிணை. இரண்டு பேருக்குமே முழுசாகக் குணமாகவில்லை. ஆனால் ஒருவர் இல்லாவிட்டால் இன்னொருவருக்கு ஆகாது என்று எழுத்தில் இருக்கிறது. சாதோ கையெழுத்துப் போடுகிறான்.

24 எபிசோடையும் பார்த்து முடித்த பிறகுதான் அண்ணனுக்குப் போன் செய்தேன். இப்போது தென்காசியில் ஒரு அரிசி ஆலையில் கணக்குப் பார்க்கிறான். கல்யாண வீடுகளுக்கு இன்னும் வர மாட்டான், கும்பல் என்றால் மூச்சு முட்டும். அவன் அறையைப் பற்றி அதுவரை நாங்கள் பேசியதே இல்லை. "அண்ணே, மாடியில நீ ராத்திரி ஒரு பாட்டு போடுவியே, அது எனக்குக் கெடச்சிட்டு" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"முழுசும் பாத்தியா?" என்றான்.

"பாத்தேன். நீ?"

"பன்னெண்டோட நிப்பாட்டிட்டேன்."

எனக்கு அப்போதுதான் ஒன்று உறைத்தது. 13-ஆவது எபிசோடிலிருந்து முடிவுப் பாட்டு மாறிவிடும். மிசாகிக்குக் குரல் கொடுத்த யூய் மகினோ பாடிய மெதுவான பாட்டு. அந்தப் பாட்டை நான் மாடிப்படியில் கேட்டதே இல்லை. 13, 14 இரண்டும் சாதோ தெரியாமல் ஒரு கூட்டத்தோடு தீவுக்குப் போகும் எபிசோடுகள். சாவதற்கென்று இணையத்தில் சேர்ந்து கிளம்பிய கூட்டம் அது. அண்ணனிடம் ஏன் நிறுத்தினாய் என்று கேட்கவில்லை. அவனே சொன்னான். "அடுத்து எங்க போவப் போறானுவன்னு தெரிஞ்சிட்டு. அதப் பாத்தா நானும் போயிருவேன்னு பயமா இருந்துச்சு. லேப்டாப்ப மூடிட்டேன்."

கூப்பாடு நின்றுபோனதே என்று அம்மா பதறியது அந்த ராத்திரிதான். அவன் பிழைத்திருக்க முடிவெடுத்த ராத்திரி. நாங்கள் கீழே ஒன்றும் தெரியாமல் படுத்திருந்தோம்.

பள்ளிக்கு வராத பையன் வீட்டுக்கு அதற்கடுத்த சனிக்கிழமை போனேன். அவன் கதையை இங்கே எழுத மாட்டேன், அது அவனுடையது. கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து என்ன கேட்கக் கூடாது என்பது மட்டும் எனக்குத் தெரிந்திருந்தது.

2022 பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். மாட்டுப் பொங்கலன்று சாயங்காலம் அண்ணன், "மிச்சத்தப் பாப்பமா?" என்று கேட்டான். மாடி அறையில்தான் உட்கார்ந்தோம். இப்போது அங்கே அம்மாவின் ஊறுகாய் ஜாடிகளும் பழைய துணி மூட்டைகளும் இருக்கின்றன. ஜன்னல் திறந்திருந்தது. 13-ஆவது எபிசோட் ஓடும்போது அவன் முழங்காலைக் கட்டிக்கொண்டு அசையாமல் இருந்தான். நிறுத்தவா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினான். 14-இல் சாதோவைத் தேடிக்கொண்டு யமாசாகியும் மிசாகியும் வந்து சேர்ந்த இடத்தில்தான் அவன் தோள் தளர்ந்தது.

எழுத்துகள் ஓடின. மெதுவான பாட்டு வந்தது. கடைசி வரி வரைக்கும் கேட்டான்.

"இது நல்லாருக்கே" என்றான்.

கீழேயிருந்து அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள். "வாரோம்மா" என்று குரல் கொடுத்துவிட்டு, லேப்டாப்பை மூடாமல் அப்படியே வைத்துவிட்டு அண்ணன் முதலில் எழுந்து இறங்கினான்.